ஒன்று குறைந்த கணக்கு

பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். பின்னம், வட்டி, வீதசமம் முதலிய எல்லாவற்றிலும் பையன்கள் தவறு செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால், வெறுமனே எண்ணுகிற காரியத்தில் யாருக்கும் தவறு வராது என்று நெடுநாள் நம்பியிருந்தோம். கூடையில் மாம்பழம் எத்தனை என்று கேட்டால் எடுத்து எண்ண வேண்டியதுதானே? அதில் அபிப்பிராய பேதத்துக்கு இடம் ஏது? அந்த நம்பிக்கை நம்மை விட்டுப் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுத உட்கார்ந்தோம்.

2025-ஆம் வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். ஆசிரியர்கள் அறையில் பெரிய வாக்குவாதம் ஒன்று மூண்டது. அதற்கு முந்திய மே மாதத்தில்தான் மத்திய சர்க்கார் 2021-ஆம் வருஷத்தின் ஜனன மரணப் பதிவுக் கணக்கை வெளியிட்டிருந்தார்கள். கொரோனாவில் நம் தேசத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற பழைய கேள்வி அதனால் மறுபடியும் உயிர் பெற்றது.

சரித்திர ஆசிரியர் ஒரு கட்சி. "எங்கேயோ ஜினீவாவில் உட்கார்ந்துகொண்டு, எண்களை யந்திரத்தில் போட்டுச் சுற்றி, 47 லட்சம் என்று சொல்லிவிட்டார்கள். நாம் கைகட்டி வாய்பொத்திக் கேட்டுக்கொள்ள வேண்டுமா? நம் தேசத்துச் சாவை எண்ண நமக்குத் தெரியாதா?" என்றார்.

விஞ்ஞானம் போதிக்கும் அம்மாள் மறு கட்சி. "ஸார், அந்த மே மாதத்தில் சுடுகாட்டில் வரிசை நின்றதை நாம் கண்ணால் பார்த்தோம். தேசம் முழுவதற்கும் 4 லட்சத்து 81 ஆயிரம்தான் என்றால், போனவர்களே எழுந்து வந்து ஆட்சேபிப்பார்கள்" என்றார்.

இருவரும் சொன்ன எண்கள் மெய்யானவையே. 2021 டிசம்பர் முடிய கொரோனாவினால் இறந்தவர்கள் என்று நம் சர்க்கார் கணக்கில் இருந்தது சுமார் 4 லட்சத்து 81 ஆயிரம். 2022 மே 5ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட மதிப்பீட்டில், அதே இரண்டு வருஷங்களில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த மரணங்கள் சுமார் 47 லட்சம். ஏறக்குறையப் பத்து மடங்கு. உலகம் முழுவதற்கும் அவர்கள் சொன்ன எண் 1 கோடி 49 லட்சம். சர்க்கார்கள் ஒப்புக்கொண்டிருந்ததோ 54 லட்சம். ஆகையால் குறைத்து எண்ணியது நாம் ஒருவர் மட்டும் அல்ல. நம் சர்க்கார் அந்த மதிப்பீட்டை வன்மையாக ஆட்சேபித்தார்கள். இவ்வளவு பெரிய தேசத்துக்கு 17 ராஜ்யங்களின் விவரத்தை வைத்துக்கொண்டு கணித சூத்திரத்தால் முடிவு கட்டுவது முறையல்ல என்பது அவர்கள் வாதம். அதை அற்ப வாதம் என்று தள்ளிவிட முடியாது.

"கணக்கு வாத்தியார் சும்மா இருக்கலாமா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று இருவரும் நம் பக்கம் திரும்பினார்கள். நாமும் பெருமையுடன் சாக்குக்கட்டியைக் கையில் எடுத்தோம்.

கரும்பலகையில் நான்கு எண்களை எழுதினோம். இந்தியாவில் பதிவான மொத்த மரணங்கள்: 2018-இல் 69 லட்சத்து 50 ஆயிரம், 2019-இல் 76 லட்சத்து 40 ஆயிரம், 2020-இல் 81 லட்சத்துச் சொச்சம், 2021-இல் 1 கோடியே 2 லட்சம். இவை சூத்திரம் போட்டுக் கண்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு கையெழுத்தும் உண்டு.

"முதல் இரண்டு வருஷத்தைப் பாருங்கள்" என்றோம். 2018-லிருந்து 2019-க்குள் ஏறக்குறைய 7 லட்சம் கூடியிருக்கிறது. அப்பொழுது கொரோனாவின் பெயரே யாருக்கும் தெரியாது. பின்னே ஏன் கூடிற்று? முன்பெல்லாம் பதியாமல் விட்ட சாவுகளை ஜனங்கள் பதியத் தொடங்கினார்கள். எனவே, பதிவு கூடியதெல்லாம் சாவு கூடியதாகாது. சரித்திர ஆசிரியர் முகம் மலர்ந்தது. "ஆனால், கடைசி வருஷத்தைப் பாருங்கள்" என்றோம். 2020-லிருந்து 2021-க்குள் கூடியது 21 லட்சம். பதிவு திருந்தியதற்கென்று தாராளமாகவே 7 லட்சம் கழித்தாலும் மிச்சம் 14 லட்சம். அந்த ஒரு வருஷத்தில் கொரோனாக் கணக்கில் ஏறியதோ சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். இப்போது அம்மாளின் முகம் மலர்ந்தது.

நமது கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்கு. நிபுணர்கள் செய்வது போன்றதன்று. அந்த 14 லட்சமும் கொரோனாவே கொண்டுபோனது என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் பிரசவத்திலும் மாரடைப்பிலும் போனவர்கள் அதில் இருப்பார்கள். பதியாமலே எரிந்தவர்களும் புதைந்தவர்களும் அதில் இருக்கமாட்டார்கள். ஆகவே 47 லட்சம் சரி என்று இதனால் நிரூபணமாகாது. 4 லட்சத்து 81 ஆயிரம் போதாது என்பது மட்டும் நிரூபணமாகும். இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தோம். இருவரும் அரைத் திருப்தியுடன் கலைந்தார்கள்.

நமக்கு மட்டும் அன்று முழுதும் மனம் சரியாக இல்லை. பலகையில் எழுதிய எண்களில் ஒன்று குறைவதும், அது எப்படிக் குறைந்தது என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் நியாயாதிபதி வேஷம் போட்டுவிட்டோம்.

நமது தகப்பனார் சிறு வயதிலேயே காலஞ்சென்றுவிட்டார். நம்மை வளர்த்துக் காலேஜுக்கு அனுப்பிப் பட்டம் வாங்க வைத்தவர் சித்தப்பா. தபாலாபீஸில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து, ஒரு மணியார்டரில் காலணா பிசகாமல் ஓய்வு பெற்றவர். 2021 மே மாதம் மூன்றாவது வாரத்தில் அவருக்கு ஜுரம் கண்டது. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறியது. ஊரில் ஒரு சிறிய நர்ஸிங் ஹோமில் எப்படியோ ஒரு கட்டில் கிடைத்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையில் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. நெஞ்சை ஸ்கேன் எடுத்த படத்திலோ இரண்டு சுவாசப் பையிலும் வெள்ளை படர்ந்திருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் சித்தப்பா போய்விட்டார்.

சித்தப்பாவின் மகன் அப்போது பெங்களூரில் இருந்தான். ஊரடங்கினால் அவனால் வந்து சேர முடியவில்லை. டாக்டர் நம்மைத் தனியாக அழைத்தார். "சோதனையில் இல்லை என்று வந்திருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி எழுதட்டும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது அப்போது நமக்குத் தெரியாது. கொரோனா என்று எழுதினால் உடலைப் பையில் சுற்றி நேராக மயானத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது மட்டும் தெரியும். அதற்கு முந்திய வருஷம் ஏப்ரலில், கொரோனாவினால் இறந்த ஒரு டாக்டரையே அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்து தடுத்ததும் ஞாபகம் இருந்தது. வாசலில் நின்ற சித்தி, "ஏண்டா அப்பா, அவரை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவர விடுவார்களா?" என்று கேட்ட குரல் காதில் இருந்தது.

"இருதயம் என்றே எழுதிவிடுங்கள், டாக்டர்" என்றோம்.

அவர் ஒரு கணம் நம் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இருதயமும் சுவாசமும் நின்றதால் மரணம், சர்க்கரை வியாதி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டார். சித்தப்பா வீட்டுக்கு வந்தார். கூடத்தில் இரண்டு மணி நேரம் கிடத்தியிருந்தோம். அக்கம்பக்கத்தார் இருபது பேர் வந்து பார்த்து அழுதார்கள். இருதயம்தானே என்ற தைரியத்தில் கிட்ட வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர்களில் இருவருக்குப் பத்து நாளைக்குள் ஜுரம் வந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். அது நமது புண்ணியத்தால் அல்ல.

இருதயம் நிற்பதும் மூச்சு நிற்பதும் சாவின் காரணம் ஆகா, அவைதான் சாவு. பீரங்கிக் குண்டு பட்டவனுக்கும் கடைசியில் இருதயந்தான் நிற்கிறது. இதைப் பின்னால் புஸ்தகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். டாக்டர்கள் பூர்த்தி செய்யும் மரண காரணப் படிவத்துக்கு ஒரு முறை உண்டு. மேல் வரியில் உடனடிக் காரணம். அதற்குக் கீழே அது எதனால் நேர்ந்தது. அதற்கும் கீழே அந்தச் சங்கிலி எங்கே தொடங்கியது என்ற மூல காரணம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்ற கூட்டாளிகளுக்குத் தனியாக ஓர் இடம். உலகமெங்கும் எண்ணிக்கையில் ஏறுவது மூல காரணமே. சோதனையில் உறுதிப்பட்ட கொரோனாவுக்கு ஓர் அடையாள எண்ணும், சோதனையில் அகப்படாமல் நோய்க் குறிகளால் டாக்டர் தீர்மானித்த கொரோனாவுக்கு இன்னோர் எண்ணும் உலக சுகாதார ஸ்தாபனம் 2020-லேயே ஏற்படுத்திவிட்டது. ஆகவே, சித்தப்பாவுக்கென்று சரியான ஓர் இடம் காகிதத்தில் இருக்கவே இருந்தது. அதில் அவரை உட்கார வைக்க நாம் சம்மதிக்கவில்லை.

இவ்வளவு ஒழுங்கான படிவம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் இன்னும் வருத்தமாயிருக்கிறது. 2020-இல் நம் தேசத்தில் பதிவான மரணங்களில், காரணம் இன்னது என்று டாக்டர் எழுதியது நூற்றுக்குச் சுமார் 22 பேருக்கே. மற்ற 78 பேரும் எதனால் போனார்கள் என்று வைத்தியம் படித்தவர் யாரும் எழுதி வைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இங்கிலாந்தில் தொடக்கத்தில் ஒரு வினோதமான விதி வைத்திருந்தார்கள். எப்போதாவது ஒரு தடவை கொரோனா உண்டு என்று சோதனையில் வந்துவிட்டால், குணமாகி மூன்று மாதம் கழித்து மோட்டார் மோதி இறந்தாலும் அவர் கொரோனாக் கணக்கில் சேர்வார். இந்த அபத்தத்தை உணர்ந்து, 2020 ஆகஸ்டில் சோதனைக்கு 28 நாளைக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணுவதென்று மாற்றினார்கள். ஒரே நாளில் 5,377 பேர் கணக்கிலிருந்து இறங்கிவிட்டார்கள். பெரு தேசத்தில் 2021 மே மாதக் கடைசியில் நிபுணர் குழு ஒன்று பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. 69 ஆயிரம் என்றிருந்தது 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் ஏறிற்று. நம் சென்னையிலேயே 2020 ஜூலை 22ந் தேதி, விட்டுப்போயிருந்த 444 மரணங்களைச் சர்க்கார் தாங்களே கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்தார்கள். தவறை ஒப்புக்கொண்டதால் பெருவுக்கோ நமது ராஜ்யத்துக்கோ மானம் ஒன்றும் போய்விடவில்லை.

2021 ஜூன் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. கொரோனாவினால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டும். மரணப் பத்திரம் பெறும் வழியையும் சுலபமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன்மேல் தலைக்கு ரூ. 50,000 என்று ஏற்பாடாயிற்று. சோதனை செய்த நாளிலிருந்தோ, நோய்க் குறிகளால் தீர்மானித்த நாளிலிருந்தோ 30 நாளைக்குள் இறந்தவர்கள் சேர்வார்கள். பத்திரத்தில் கொரோனா என்ற சொல் இல்லை என்ற ஒரே காரணத்தால் யாரையும் தள்ளக் கூடாது. தகராறு வந்தால் ஜில்லாக் குழு விசாரிக்கும்.

அந்த டிசம்பரில் சித்தப்பாவின் மகன் ஊருக்கு வந்திருந்தான். மனுப் போடலாம் என்றான். சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்றைக்கு அந்த வியாதி இல்லை என்று எழுதி வாங்கினோம். இன்றைக்குப் பணம் தருகிறார்கள் என்றதும் அந்த வியாதிதான் என்று எழுதிக் கொடுக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?" என்றாள்.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பணம் கிடக்கட்டும் அம்மா. அப்பா எதனால் செத்தார் என்று என் பிள்ளை நாளைக்குக் கேட்டால் நான் என்ன சொல்லுகிறது?" என்றான். பிறகு நம் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்கள்தானே அங்கே இருந்தீர்கள்? சொல்லுங்கள்" என்றான்.

டாக்டர் கேட்டதையும் நாம் சொன்ன பதிலையும் அன்றுதான் அவர்களுக்குச் சொன்னோம். அவன் நம்மைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் நமக்குக் கஷ்டமாயிருந்தது. மறுநாள் ஸ்கேன் படத்தையும் நமது வாக்குமூலத்தையும் வைத்து மனுப் போட்டோம். குழுவினர் படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். வந்த பணத்தைச் சித்தி தொடவில்லை. பேரனின் பெயரில் தபாலாபீஸில் போட்டுவிட்டாள்.

நம்மைப்போல் எத்தனை குடும்பங்கள் என்பது குஜராத்தில் தெரிய வந்தது. 2022 ஜனவரியில் அந்த ராஜ்யத்தின் கொரோனா மரணக் கணக்கு 10 ஆயிரத்துச் சொச்சம். நிவாரணத்துக்கு ஏற்றுக்கொண்ட மனுக்களோ 68 ஆயிரத்துக்கு மேல். நிவாரண விதி தாராளமானது. ஆகையால் இரண்டும் ஒன்றாக இராதுதான். ஆனாலும் ஒரே சர்க்காரின் ஓர் ஏட்டில் பத்தும் மற்றோர் ஏட்டில் அறுபத்தெட்டும் இருந்தால், இரண்டில் எது அந்த ஊர்த் துக்கத்தின் அளவு என்று குழந்தைகூடக் கேட்கும்.

இந்த வித்தியாசம் நம் தேசத்துக்குப் புதிதும் அல்ல. நமது பாட்டனார் 1918-இல் ஆறு வயதுப் பையன். அந்த வருஷத்து விஷ ஜுரத்தில் அவருடைய தாயார் இரண்டே நாளில் போய்விட்டாளாம். கிராமங்களில் சாவை எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் கிராம முன்சீபுகளும் காவல்காரர்களும். அவர்களில் பலர் தாங்களே படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். எழுதியவர்களும் பெரும்பாலும் 'ஜுரம்' என்ற பொதுத் தலைப்பில்தான் எழுதினார்கள். அந்நிய சர்க்காரின் சுகாதார அதிகாரி முதலில் மதிப்பிட்டது இந்தியா முழுவதற்கும் சுமார் 60 லட்சம். 1921-இல் ஜனங்களை எண்ணியபோது ஆட்கள் குறைந்ததைக் கண்டு அது 1 கோடி 20 லட்சத்துக்கு மேல் ஏறிற்று. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் 2 கோடி வரையிலும் சொன்னார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கணக்கு தீரவில்லை. நமது கொள்ளுப் பாட்டி அந்த 60 லட்சத்தில் ஒருத்தியா, மேற்கொண்டு வந்த கோடியில் ஒருத்தியா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்போது எண்ணியது அந்நியன். அவனுக்கு நம் சாவு வரவு செலவில் ஓர் இனம். இப்போது எண்ணுவது நாமே. ஆகையால் வெளிநாட்டார் சொன்ன எண் பெரிது என்று ரோஷப்படுவதைவிட, அவர்கள் சூத்திரம் போட இடம் கொடுத்தோமே என்று ரோஷப்படுவது நல்லது. எந்த ஊரிலும் எந்தச் சாவும் பதியாமல் போகாதிருந்தால், ஒவ்வொரு மாதத்துக் கணக்கும் அடுத்த மாதமே வெளிவந்திருந்தால், சூத்திரத்துக்கு வேலையே இல்லை. 2021-ஆம் வருஷத்துக் கணக்கு நம் கைக்கு வர 2025 ஆயிற்று. ஜனன மரணப் பதிவுச் சட்டத்தை 2023-இல் திருத்தி, ஆஸ்பத்திரிகள் எல்லாம் மரண காரணத்தை எழுதிப் பதிவாளருக்கு அனுப்புவதோடு, நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் சட்டம் டாக்டரின் பேனாவைத்தான் பிடிக்க முடியும். பக்கத்தில் நின்று 'இருதயம் என்று எழுதுங்கள்' என்று கெஞ்சுகிறவனின் வாயைப் பிடிக்க முடியாது.

மறுநாள் ஆசிரியர்கள் அறையில் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னோம். நேற்றுப் பலகையில் எழுதிய கணக்கில் ஒன்று குறைகிறது, குறைத்தவர் நாமே என்றோம்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சரித்திர ஆசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "என் அத்தைக்கு நிமோனியா என்று மட்டும் எழுதச் சொன்னோம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள்" என்றார்.

விஞ்ஞான அம்மாள், "எங்கள் மாமியாருக்கு மூன்று வருஷமாகச் சிறுநீரகம் கெட்டிருந்தது. டாக்டர்கள் இன்னும் ஒரு மாதம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி வாரம் சோதனையில் உண்டு என்று வந்தது. கொரோனா என்று எழுதிவிட்டார்கள். அது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை" என்றார்.

ஒரு சிறிய அறையில் மூன்றே ஆசிரியர்கள். இரண்டு சாவு கணக்கில் ஏறவில்லை. ஒன்று ஏறியது சரியா என்று தெரியவில்லை. இதற்குமேல் அன்று அங்கே வாக்குவாதம் நடக்கவில்லை. மணி அடித்தது, அவரவர் வகுப்புக்குப் போனோம்.

பத்தாம் வகுப்பில் அந்த வாரம் புள்ளியியல் பாடம் தொடங்க வேண்டியிருந்தது. வழக்கமாகச் சராசரியில் ஆரம்பிப்போம். அன்று அப்படிச் செய்யவில்லை. "உங்கள் தெருவில் 2021-இல் காலமானவர்கள் யார் யார் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பெயர் வேண்டாம், வயது, மாதம், என்ன வியாதி என்று வீட்டார் சொல்லுகிறார்கள், இவை மூன்றும் போதும்" என்றோம். முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "வீட்டில் சொல்லுவது நிஜமாக இல்லாவிட்டால் என்ன எழுதுகிறது, ஸார்?" என்று கேட்டாள்.

வீட்டார் சொல்லுவதை ஒரு பத்தியில் எழுது. நீ அறிந்ததை அடுத்த பத்தியில் எழுது. இரண்டையும் கலக்காதே என்றோம். அவள் தலையசைத்து உட்கார்ந்து, நோட்டுப் புஸ்தகத்தில் கோடு போடத் தொடங்கினாள்.